டைஸா, பாயின்ட் பையா? கேரக்டர் ஸ்கோர்களும் மேஜையின் சமநிலையும்

கேள்வி சுருக்கமாக இதுதான். நான்கு பேர் கொண்ட ஒரு குழு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் புதிய கேம்பெயின் (பல அமர்வுகள் தொடரும் ஒரே கதை) ஒன்றைத் தொடங்கப் போகிறது. மூன்று பேருக்கு டைஸ் (பகடை) உருட்டித்தான் கேரக்டரின் திறன் எண்களை, அதாவது ஸ்கோர்களை, முடிவு செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் பாயின்ட் பை, அதாவது எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு ஸ்கோர்களை வாங்கும் முறை, கேட்கிறார். போன கேம்பெயினில் அவருக்கு 13-க்கு மேல் எதுவுமே விழவில்லை, பக்கத்தில் இருந்தவருக்கோ இரண்டு 18. ஸ்கோர் வித்தியாசம் உண்மையிலேயே ஆட்டத்தைக் கெடுக்குமா, இல்லை அவர் பெரிதுபடுத்துகிறாரா, எந்த முறை நியாயம் என்று, ஆட்டத்தை நடத்தும் டிஎம்மாக இருக்கும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

அவர் பெரிதுபடுத்தவில்லை. ஐந்தாம் பதிப்பில், மாதக்கணக்கில் ஓடப்போகிற ஆட்டத்துக்கு ஆளுக்கு ஆள் தனித்தனியாக உருட்டுவது சரிப்படாது. அதற்காக டைஸ் கேட்கும் மூன்று பேரின் ஆசையையும் தள்ளிவிட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் வழிகள் இருக்கின்றன, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஏன் இந்தச் சண்டை வருகிறது என்று பார்க்க வேண்டும். உருட்டும் முறை ஒரு காலத்து ஆட்டத்துக்காகப் பிறந்தது. ஆட்டம் மாறிவிட்டது, முறை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதி, விஸ்கான்சினில் லேக் ஜெனீவா ஊரிலிருந்து டிஎஸ்ஆர் நிறுவனம் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கும் அதே ஆறு ஸ்கோர்கள் அதிலும் உண்டு: ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை), இன்டெலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி), டெக்ஸ்டெரிட்டி (லாவகம்), கரிஸ்மா (ஆளுமை ஈர்ப்பு). ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுபக்க டைஸ், விழுந்தது விழுந்தபடி. ஆனால் அந்த ஸ்கோர்கள் என்ன செய்தன? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஸ்ட்ரெங்த் 18 உள்ள வீரனும் 8 உள்ள வீரனும் வாளால் ஒரே மாதிரிதான் அடித்தார்கள், ஒரே அளவு சேதம் செய்தார்கள். தன் வகுப்புக்கு (வீரன், மந்திரவாதி போன்ற தொழிலுக்கு) உரிய ஸ்கோர் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுபவப் புள்ளியில் 10 சதவீதம் கூடுதல் கிடைக்கும். டெக்ஸ்டெரிட்டி 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் எறிவதிலும் எய்வதிலும் ஒரு +1. கான்ஸ்டிட்யூஷன் 15-ஐத் தொட்டால் உயிர்ப்புள்ளிக்காக உருட்டும் ஒவ்வொரு ஹிட் டைஸுக்கும் ஒரு புள்ளி கூடுதல். கரிஸ்மா எத்தனை ஆட்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதைத் தீர்மானித்தது. அவ்வளவுதான். கேரக்டர்கள் சீக்கிரமே செத்தார்கள், பத்து நிமிடத்தில் அடுத்தவன் தயார். அந்த ஆட்டத்தில் உருட்டுவது முழுக்க நியாயம். மோசமாக விழுந்தாலும் நஷ்டம் சொற்பம், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

அடுத்த வருடமே இது மாறத் தொடங்கியது. 1975-இல் வந்த கிரேஹாக் துணைநூல் ஸ்ட்ரெங்த்துக்குத் தாக்குதலிலும் சேதத்திலும் போனஸ் கொடுத்தது. 18 விழுந்த வீரனுக்கு மட்டும் கூடவே ஒரு சதவீத உருட்டலும் தந்தது. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி விளையாட்டாளர் கையேட்டில் இது உச்சத்துக்குப் போனது. ஸ்ட்ரெங்த் 15 உள்ளவனுக்குச் சேதத்தில் எதுவும் கிடையாது, 18 இருந்தால் +2. 18-ஐ உருட்டி, அதன்மேல் சதவீதத்தில் நூறும் விழுந்தவனுக்கு +6. ஒரு நீள்வாள் சராசரியாக நாலரைப் புள்ளி சேதம் செய்யும். +6 என்றால் வாளைவிட உருட்டிய அதிர்ஷ்டம் அதிகமாக அடிக்கிறது என்று அர்த்தம். அதே நூல், கேரக்டர் பிழைக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு ஸ்கோராவது 15 அல்லது மேலே இருப்பது பொதுவாக அவசியம் என்றும் சொன்னது. மூன்று டைஸ் உருட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எளிதில் நடக்காது. அதனால்தான் 1979-இல் வந்த டிஎம் கையேட்டில் தாராளமான முறைகள் வந்தன. நான்கு ஆறுபக்க டைஸை உருட்டி, அதில் சின்னதைக் கழித்துவிட்டு, வந்த ஆறு எண்களை விருப்பம்போல் அடுக்கிக்கொள்வதுதான் அதில் முதல் முறை. இன்று உங்கள் மேஜையில் மூன்று பேர் கேட்பது அதையேதான்.

நான்காவது டைஸைச் சேர்த்தது சராசரியைத்தான் உயர்த்தியது. ஆளுக்கு ஆள் இருக்கும் இடைவெளி அநேகமாக அப்படியே இருந்தது. மூன்று டைஸில் சராசரி 10.5, நான்கில் சின்னதைக் கழித்தால் சுமார் 12.2. ஆனால் சிதறல் (எண்கள் சராசரியிலிருந்து விலகும் அளவு) இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மூன்று புள்ளிக்குச் சற்றுக் குறைவு. ஏழையின் நிலை கொஞ்சம் உயர்ந்தது, பணக்காரனும் அதே அளவு மேலே போய்விட்டான்.

2000-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு பழைய அட்டவணைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே சூத்திரம் வைத்தது. ஸ்கோரிலிருந்து 10-ஐக் கழித்துப் பாதியாக்கு, பின்னத்தைக் கீழே தள்ளு. வருவதுதான் மாடிஃபையர், உருட்டலோடு கூட்டும் எண். சுத்தமான வேலை, இன்றுவரை அதுவே நிற்கிறது. ஆனால் அதோடு எல்லாமே ஸ்கோரில் தொங்க ஆரம்பித்தன: தாக்குதல், சேதம், கவசம், உயிர்ப்புள்ளி, மந்திரத்தின் வலிமை, தப்பிக்கும் உருட்டல், பேச்சு, பூட்டுத் திறப்பது வரை. முன்பு 9 முதல் 12 வரை எந்த வித்தியாசமும் தெரியாது. இப்போது ஒவ்வொரு இரண்டு புள்ளியும் ஒரு படி. இந்த ஆபத்து மூன்றாம் பதிப்பை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. மிக உயர்ந்த ஸ்கோர் 13 அல்லது கீழே என்றாலோ, மாடிஃபையர்களின் கூட்டுத்தொகை சுழி அல்லது கீழே என்றாலோ முழுவதையும் திரும்ப உருட்டலாம் என்று விதியே வைத்தார்கள். உங்கள் நண்பருக்குப் போன முறை விழுந்தது அந்தப் பதிப்பில் செல்லவே செல்லாது. ஐந்தாம் பதிப்பில் அந்தப் பாதுகாப்பு விதி இல்லை. என்னைக் கேட்டால் அதை எடுத்தது பெரிய இழப்பு.

இப்போது உங்கள் மேஜைக்கே வருவோம். போன கேம்பெயினின் அந்த இருவரும் வீரர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 13-ஐ ஸ்ட்ரெங்த்தில் போட்டு, இனத்தாலோ பின்புலத்தாலோ வரும் +2-ஐச் சேர்த்து 15 ஆக்குகிறார், மாடிஃபையர் +2. இன்னொருவர் 18-ஐப் போட்டு, +2 சேர்த்து முதல் லெவலிலேயே உச்சவரம்பான 20-ஐத் தொடுகிறார், மாடிஃபையர் +5. எதிரே ஐந்தாம் பதிப்பின் 2014 நூலில் வரும் காப்ளின் என்ற சாதாரணக் குட்டி அரக்கன், கவசம் 15, உயிர்ப்புள்ளி 7. இருவர் கையிலும் 8 பக்க டைஸ் சேதம் செய்யும் நீள்வாள். முதல் லெவல் தேர்ச்சி போனஸ் +2.

20 பக்க டைஸான டி20-இல் விழுவதோடு மாடிஃபையரையும் இந்தப் போனஸையும் கூட்டி, கவச எண்ணை எட்டினால் அடி படும். முதலாமவர் டி20-இல் 11 அல்லது மேலே போட வேண்டும், அதாவது 50 சதவீதம். பட்டால் சராசரி ஆறரைச் சேதம். ஒரு வீச்சுக்கு 3.25. இரண்டாமவருக்கு 8 போதும், அதாவது 65 சதவீதம். பட்டால் ஒன்பதரை. ஒரு வீச்சுக்கு 6.2-ஐ ஒட்டி வரும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. (20 விழும்போது வரும் இரட்டை டைஸை இரண்டு பேருக்குமே சேர்க்கவில்லை.) இதைவிட முக்கியமானது ஒரே வீச்சில் காப்ளின் சாகுமா என்பது. முதலாமவர் அடி பட்ட பிறகும் 8 பக்க டைஸில் 5 அல்லது மேலே விழ வேண்டும். ஆகவே வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டாமவருக்கு 2 விழுந்தாலே போதும். அவருடைய வாய்ப்பு 57 சதவீதம். மேஜையில் இது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் முறை வரும்போதெல்லாம் பாதிக்கு மேல் ஒரு காப்ளின் விழுகிறது. மற்றவர் முறையில் பெரும்பாலும் காப்ளின் எழுந்து நிற்கிறது, அவர் “சரி, அடுத்தது யார்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். +1 என்பது டி20-இல் வெறும் 5 சதவீதம்தானே என்று சமாதானம் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்த +1 தாக்குதலில் ஒரு முறை, சேதத்தில் ஒரு முறை, அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப வந்து பெருக்குகிறது.

லெவல் ஏற ஏற இடைவெளி அடைந்துவிடும் என்றும் ஒரு வாதம் உண்டு. 20 என்ற உச்சவரம்பு இருப்பதால் அதில் பாதி உண்மை இருக்கிறது. வீரனுக்கு 4, 6, 8-ஆம் லெவல்களில் ஸ்கோர் உயர்த்தும் வாய்ப்பு வருகிறது. 15-இல் தொடங்கியவர் மூன்றையும் ஸ்ட்ரெங்த்தில் போட்டால் 8-ஆம் லெவலில் 20-ஐத் தொடுவார். ஆனால் அந்த மூன்று வாய்ப்புகளிலும் மற்றவர் மூன்று ஃபீட் (ஸ்கோரை உயர்த்துவதற்குப் பதிலாக எடுக்கும் சிறப்புத் திறமை) எடுத்திருப்பார். ஸ்ட்ரெங்த்தில் இருந்த இடைவெளி ஃபீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. எட்டாம் லெவல் வரை வராமலே முடிந்துவிடும் கேம்பெயின்கள் ஏராளம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது எவ்வளவு அரிதாக நடக்கும்? அரிதே இல்லை. நான்கு டைஸில் சின்னதைக் கழிக்கும் முறையில் ஒரு ஸ்கோர் 18 ஆவதற்கு வாய்ப்பு 1.6 சதவீதம். கேட்கக் குறைவாக இருக்கும். ஆனால் நான்கு பேர், ஆளுக்கு ஆறு, மொத்தம் 24 உருட்டல். மேஜையில் எங்காவது ஒரு 18 விழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆறு ஸ்கோர்களின் கூட்டுத்தொகையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சராசரி 73.5, சிதறல் 7. நான்கு பேர் உருட்டினால் அதிகம் பெற்றவருக்கும் குறைவாகப் பெற்றவருக்கும் நடுவே சராசரியாகவே 14 புள்ளி இடைவெளி இருக்கும். மாடிஃபையரில் அது ஏழு. சராசரியே இவ்வளவு என்றால், உங்களுக்கு நடந்தது அபூர்வமான கெட்ட நேரம் அல்ல என்று புரியும். அந்த முறை சாதாரணமாகச் செய்வதைத்தான் செய்திருக்கிறது.

சமநிலை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, குழுவுக்கும் அரக்கர்களுக்கும் இடையே உள்ள சமநிலை. அது டிஎம் கையில் இருக்கிறது. எல்லோரும் பலசாலிகள் என்றால் இரண்டு காப்ளினைக் கூடுதலாகப் போடுங்கள், எல்லோரும் நோஞ்சான்கள் என்றால் இரண்டைக் குறையுங்கள். எந்த வாரமும் சரிசெய்யலாம். இன்னொன்று, மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு இடையே உள்ள சமநிலை. இதை டிஎம்மால் எளிதில் சரிசெய்ய முடியாது. பலசாலிக்கு ஏற்ற எதிரியைப் போட்டால் நோஞ்சான் சாகிறான், நோஞ்சானுக்கு ஏற்றதைப் போட்டால் பலசாலி தனியாளாக முடித்துவிடுகிறான். ‘ஸ்கோர் கூடினால் ஆட்டம் எளிதாகிவிடும்’ என்று கவலைப்படும் டிஎம்கள் முதல் வகையைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் நண்பரின் குறை இரண்டாம் வகை. ஸ்கோர் மொத்தமாக அதிகமா குறைவா என்பதைவிட, ஆளுக்கு ஆள் எவ்வளவு விலகி இருக்கிறது என்பதே கேள்வி.

அதிலும் எல்லா விலகலும் ஒரே மாதிரி வலிக்காது. ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இடையே இருந்தால்தான் உறுத்தும். இரண்டு வீரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெட்டும்போது ஒப்பிடாமல் இருக்க முடியாது. அதுவே ஒருவர் வீரர், மற்றவர் மந்திரவாதியான விசார்ட் என்றால் ஸ்கோரைவிட வகுப்பு பெரிய விஷயமாகிவிடுகிறது. ஐந்தாம் லெவலில் விசார்ட் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தைப் போடுகிறார். எட்டு ஆறுபக்க டைஸ், சராசரி 28, வட்டத்துக்குள் எத்தனை பேர் நின்றாலும். அந்த 28-இல் இன்டெலிஜென்ஸுக்குப் பங்கே இல்லை. 14 இருந்தாலும் 18 இருந்தாலும் அதே எட்டு டைஸ்தான். எதிரி தப்பிக்கப் போட வேண்டிய எண் மட்டும் 13-லிருந்து 15 ஆகிறது, 10 சதவீத வித்தியாசம். தப்பித்தாலும் பாதிச் சேதம் உண்டு.

இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை கிடைக்கிறது. மோசமாக உருட்டியவர் எந்த வகுப்பை எடுக்கிறார் என்பது, எவ்வளவு மோசமாக உருட்டினார் என்பதைவிட முக்கியம். கைச்சண்டை போடும் மங்க்குக்கு டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம் இரண்டும் வேண்டும், முன்வரிசையில் நிற்பதால் கான்ஸ்டிட்யூஷனும் வேண்டும். புனித வீரனான பாலடினுக்கும் அதே கதை: ஸ்ட்ரெங்த், கரிஸ்மா, கான்ஸ்டிட்யூஷன். இந்த வகுப்புகளை நடுத்தர ஸ்கோர்களோடு எடுத்தால் திண்டாட்டம்தான். ஒரே ஒரு நல்ல ஸ்கோர் இருப்பவர் விசார்ட் எடுக்கட்டும். அதுவும் இல்லாதவர், ஸ்கோரைக் கேட்காத மந்திரங்கள் நிறைய உள்ள பூசாரி வகுப்பான கிளெரிக் எடுக்கட்டும். பிளெஸ் போட்டால் மூன்று கூட்டாளிகளின் ஒவ்வொரு தாக்குதலிலும் ஒரு நான்கு பக்க டைஸ் சேரும், போட்டவரின் விஸ்டம் 12-ஆ 18-ஆ என்று அந்த மந்திரம் பார்ப்பதில்லை. விலங்காக மாறும் ட்ரூயிட் இன்னும் விசேஷம். 2014 விதிகளில் கரடியாக மாறியவுடன் கரடியின் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன்தான். தன்னுடையது 8-ஆக இருந்தாலும் கவலையில்லை.

ஆனால் ‘மோசமாக உருட்டினாயா, ட்ரூயிட் எடு’ என்பது அவர் ஆசைப்பட்ட பாலடினைப் பறிப்பதுதானே. உண்மைதான். பழைய அட்வான்ஸ்டு பதிப்பில் இது அப்பட்டமாகவே இருந்தது. பாலடின் ஆகக் கரிஸ்மா குறைந்தது 17 வேண்டும். மூன்று டைஸில் அது 216-க்கு 4. உருட்டல் உனக்குப் பிறப்பைக் கொடுக்கும், அதற்கேற்ற தொழிலை நீ தேர்ந்துகொள் என்பது அந்த ஆட்டத்தின் போக்கு. இன்று பெரும்பாலானவர்கள் மனதில் ஒரு கேரக்டரை வைத்துக்கொண்டுதான் மேஜைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அந்தப் போக்கு ஒத்துவராது.

சரி, அப்படியானால் பாயின்ட் பை போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. ஐந்தாம் பதிப்பில் எல்லாம் 8-இல் தொடங்குகிறது, கையில் 27 புள்ளி. 13 வரை ஒரு படிக்கு ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் ஒவ்வொரு படிக்கும் இரண்டு. 15-க்கு மேல் வாங்க முடியாது. இது ஆளுக்கு ஆள் மொத்தத்தைச் சமமாக்குகிறது. ஆனால் ஆறு ஸ்கோர்களும் சமமான மதிப்புள்ளவை என்று வைத்துக்கொண்டு விலை போடுகிறது. அங்கேதான் ஓட்டை. டெக்ஸ்டெரிட்டி கவசத்தை உயர்த்தும், யார் முதலில் அடிப்பது என்பதைத் தீர்மானிக்கும், வில்லுக்கும் மெல்லிய வாளுக்கும் தாக்குதலும் சேதமும் தரும், ஃபயர்பாலிலிருந்து தப்பிக்க வைக்கும், ஒளிந்து நடக்க உதவும். இன்டெலிஜென்ஸ் விசார்டுக்கும் இன்னும் ஓரிரு வகுப்புகளுக்கும் உயிர், மற்றவர்களுக்குச் சில அறிவுச் சோதனைகளோடு சரி. இரண்டுக்கும் ஒரே விலை. விளைவு, மேஜையில் நான்கு பேரில் மூன்று பேருக்கு இன்டெலிஜென்ஸ் 8. எல்லோர் கையிலும் கச்சிதமாக வெட்டிய ஒரே மாதிரித் தாள். டைஸ் கேட்பவர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான், அதிலும் நியாயம் இருக்கிறது. தன் வகுப்புக்குத் தேவைப்படாத ஒரு 15 கரிஸ்மாவோடு தடுமாறும் வீரன், 6 ஸ்ட்ரெங்த்தோடு மலை ஏறும் திருடன் இவர்களெல்லாம் பாயின்ட் பையில் பிறப்பதே இல்லை.

ஸ்டீவ் ஜாக்சன் 1986-இல் கொண்டுவந்த கர்ப்ஸ் ஆட்டம் இந்த ஓட்டையை நேராகவே எதிர்கொண்டது. அதன் 2004 நான்காம் பதிப்பில் உடல் வலிமைக்கும் ஆரோக்கியத்துக்கும் ஒரு படிக்கு 10 புள்ளி, லாவகத்துக்கும் அறிவுக்கும் 20. அதிகம் வேலை செய்யும் ஸ்கோருக்கு இரட்டை விலை. டி அண்ட் டி இந்த வழிக்குப் போகவே இல்லை. பாத்ஃபைண்டர் என்ற ஆட்டம் வேறொரு கோணத்தில் போனது. அதன் இரண்டாம் பதிப்பில், 2019-இல், பிறப்பு, பின்புலம், வகுப்பு என ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்கோர் ஏறிக்கொண்டே வரும். தன் வகுப்பின் முக்கிய ஸ்கோரில் யாரும் பின்தங்க வாய்ப்பில்லாதபடி கட்டியிருக்கிறார்கள். 2023-இல் திருத்தி வெளியிட்டபோது 18, 14 என்ற எண்களையே எடுத்துவிட்டு +4, +2 என்ற மாடிஃபையர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூன்று டைஸ் உருட்டாத ஆட்டத்தில் 3 முதல் 18 வரையிலான எண்ணுக்கு வேலை என்ன?

உருட்டலின் ருசி தெரிய வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற ஆட்டத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். டாம் மோல்ட்வே தொகுத்து 1981-இல் வந்த பேசிக் டி அண்ட் டி-யை நான் இதற்காகவே எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். மூன்று டைஸ், வரிசைப்படி. ஆனால் 9 முதல் 12 வரை மாடிஃபையர் சுழி. மூன்று டைஸில் ஏறக்குறைய பாதி உருட்டல்கள் அந்த இடைவெளிக்குள்தான் விழும். 13 முதல் 15 வரை +1, 16-17 என்றால் +2, 18-க்கு மட்டும் +3. 16 அல்லது மேலே விழுவதே 216-க்கு 10 தடவைதான். அதாவது உருட்டல் பரபரப்பாக இருக்கிறது, விளைவு மிதமாக இருக்கிறது. போதாததற்குச் சில ஸ்கோர்களிலிருந்து இரண்டைக் கழித்து வகுப்பின் முக்கிய ஸ்கோரில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளவும் அனுமதி உண்டு. பொறி இருக்கிறதா என்று பத்தடிக் கம்பால் தட்டிப் பார்க்கிறீர்களா என்பதுதான் அந்த ஆட்டத்தில் உயிரைக் காப்பாற்றும். இன்டெலிஜென்ஸ் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் மூன்று நண்பர்களும் ஒரு நாள் மாலை இதை ஆடிப் பார்க்கட்டும். டைஸ் மேல் இருக்கும் ஆசை அங்கே முழுதாக நிறைவேறும், யார் மனமும் நோகாது.

இனி உங்கள் கேம்பெயினுக்கு. டைஸும் வேண்டும், இடைவெளியும் கூடாது என்றால் இரண்டு வழிகளை நான் நம்பிச் சொல்வேன்.

எளிதானது பொதுக் குவியல். நான்கு பேரும் ஆளுக்கு ஒரு முறை ஆறு ஸ்கோர்களை உருட்டுங்கள். நான்கு வரிசைகளையும் ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். யார் வேண்டுமானாலும் எந்த வரிசையையும் எடுக்கலாம், ஒரே வரிசையை நான்கு பேரும் எடுத்தாலும் சரி. உருட்டும் சத்தம், கூச்சல், 18 விழுந்தால் கைதட்டல் எல்லாம் அப்படியே இருக்கும். ஒருவருடைய அதிர்ஷ்டம் எல்லோருக்கும் சொத்தாகிறது. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நான்கில் சிறந்ததை எல்லோரும் எடுப்பதால் கூட்டுத்தொகை சராசரியாக 80-ஐத் தொடும். உருட்டாமல் எடுத்துக்கொள்ள நூலே தரும் ஸ்டாண்டர்ட் அரேயின் 15, 14, 13, 12, 10, 8 கூட்டினால் 72-தான். குழு நூல் எதிர்பார்ப்பதைவிடப் பலமாக இருக்கும். ஆனால் இது முதல் வகைச் சமநிலை, காப்ளினைக் கூட்டி நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது: சீட்டுக்கட்டு. சாதாரணக் கட்டிலிருந்து 6, 5, 4 மூன்றிலும் நான்கு சீட்டுகள், 3-இல் மூன்று, 2-இல் இரண்டு, ஏஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18 சீட்டு, கூட்டினால் 74. கலைத்து, ஆறு குவியலாக மும்மூன்று போடுங்கள். ஒவ்வொரு குவியலும் ஒரு ஸ்கோர். அடுத்தவர் அதே 18 சீட்டை எடுத்துத் திரும்பக் கலைக்கிறார். மூன்று 6 சேர்ந்தால் 18 வரும், ஏஸோடு இரண்டு 2 சேர்ந்தால் 5-உம் வரும். எப்படி விழுந்தாலும் கூட்டுத்தொகை 74-ஐ விட்டு நகராது. ஒரு பக்கம் வீங்கினால் இன்னொரு பக்கம் வற்றியே ஆக வேண்டும். 18 கிடைத்தவர் மற்ற குவியல்களைத் திருப்பும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், இருந்த நான்கு 6-இல் மூன்றை அங்கேயே செலவழித்துவிட்டார் என்று அவருக்கே தெரியும். குவியல்களை விருப்பம்போல் அடுக்கவிட்டால் எல்லோரும் நினைத்த வகுப்பை ஆடலாம். வரிசைப்படியே வைத்தால் பழைய ஆட்டத்தின் ருசி வரும். பாயின்ட் பை கேட்டவருக்கு அவர் கேட்ட சமம் கிடைக்கிறது, மற்ற மூவருக்கும் தெரியாததைத் திருப்பிப் பார்க்கும் பரபரப்பு கிடைக்கிறது.

ஒருவேளை மூவரும் பிடிவாதமாக ஆளுக்கு ஆள் உருட்டியே தீருவோம் என்றால், மூன்றாம் பதிப்பின் திரும்ப உருட்டும் விதியையாவது முதலிலேயே சொல்லி வையுங்கள். உருட்டிய பிறகு ‘பாவம், இன்னொரு தடவை போடு’ என்று இரக்கப்படுவது வேறு, உருட்டும் முன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு கிழிப்பது வேறு. இரக்கத்தில் கிடைத்த இரண்டாம் உருட்டலில் 18 விழுந்தால் மேஜையில் முணுமுணுப்பு வரும்.

போன கேம்பெயினை அதே கேரக்டர்களோடு தொடரும் எண்ணம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. ஐந்தாம் பதிப்பில் சில மாயப் பொருட்கள் ஸ்கோரைக் கூட்டுவதில்லை, நேராக ஓர் எண்ணில் நிறுத்திவிடும். ஓகர் கையுறை அணிந்தால் ஸ்ட்ரெங்த் 19. ஹெட்பேண்ட் ஆஃப் இன்டெலெக்ட் இன்டெலிஜென்ஸை 19 ஆக்கும், அமுலெட் ஆஃப் ஹெல்த் கான்ஸ்டிட்யூஷனை 19 ஆக்கும். ஏற்கனவே 20 இருப்பவருக்கு அந்தக் கையுறையால் எந்தப் பயனும் இல்லை, அதனால் அவர் அதைக் கேட்கவும் மாட்டார். 15 இருப்பவருக்கு மாடிஃபையர் இரண்டு படி ஏறும். அடுத்த குகையில் செத்துக் கிடக்கும் ஓகரின் கையில் அது இருக்கட்டும். யாருக்குக் கொடுப்பது என்று குழுவில் ஒரு விவாதமும் எழாது.